தலை எண்ணாத கார்

அத்தியாயம் ஆறு

சித்தியின் பின்னால் வானொலி உள்ளே நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அடித்து முடித்துவிட்டார் என்று அர்த்தம்.

துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில், பெட்டிகளைச் சோதனை போடும் மேடைகளுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத அறை அது. ஒரு மேஜை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் கை கழுவும் தொட்டி. தொட்டிக்குக் கீழே டிரைவர் குந்தியிருந்தான். மேலுதடு கிழிந்து, வெள்ளைச் சட்டையின் காலர் சிவந்திருந்தது. கப்பல் பயணிகள் வரும் நாளுக்கென்றே அந்தச் சட்டையை அவன் தனியாகத் தேய்த்து மாட்டி வைத்திருப்பான். வானொலிக்கு அது தெரியும். சித்தி யாரையாவது வேவு பார்க்கக் கிளம்பினால் எடுப்பது இவன் காரைத்தான்.

“வாங்க சித்தி,” என்றார் இன்ஸ்பெக்டர், துண்டில் விரல் விரலாகத் துடைத்தபடி. “ஒரு போன் பண்ணிக்கோன்னு விட்டா, வக்கீலைக் கூப்பிடுவான்னு பார்த்தேன். உங்களைக் கூப்பிட்டிருக்கான்.”

“வக்கீல் வந்தா ஃபீஸ் கேப்பாரு சார். சித்தி வந்தா திட்டு மட்டும்தான்,” என்றான் வானொலி.

துறைமுகத்தில் எல்லோருக்கும் அவள் சித்தி. வானொலிக்கு மட்டும் நிஜமாகவே சித்தி. அம்மாவின் கடைசித் தங்கை. சுங்கத்தில் பெண் பயணிகளைச் சோதனை போடும் வேலையில் இருந்தவள். ஒருநாள் மேலதிகாரியின் மனைவியையும் சோதனை போட்டுவிட்டாள். பிடிபட்டது என்னவோ அந்த அம்மாள்தான், வேலை போனது இவளுக்கு. அதன்பிறகு துப்பறியும் அலுவலகம் திறந்து, அக்கா மகனை உதவிக்கு வைத்துக்கொண்டாள். ஓயாத வாய்க்காக அவனுக்கு வானொலி என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

மேஜைக்கு எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். அவன் மடியில் புதுத் துணித் தொப்பி. அவள் கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டு, காகிதக் கைக்குட்டையால் கண்ணைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். கைக்குட்டை நனைந்ததாகத் தெரியவில்லை.

“விஷயம் சின்னது,” என்றார் இன்ஸ்பெக்டர். “காலையில கப்பல் வந்துச்சு. சாரும், இவர் வீட்டம்மாவும், சாரோட அம்மாவும் இவன் காரைப் பேசிக் கோயில் பார்க்கப் போயிருக்காங்க. அம்மாவுக்கு முட்டி வலி, கார்லயே இருக்கேன்னுட்டாங்க. இவங்க உள்ள போய்ட்டு வந்து பார்த்தா கார் இருக்கு, இவன் இருக்கான், அம்மா இல்ல. கழுத்துல ரெட்டை வடச் செயின். போதுமா?”

“மூணு பேரும் இறங்கிப் போனாங்க சித்தி,” என்றான் டிரைவர். உதடு வீங்கியதில் சொற்கள் குழறின. “நான்தான் கதவைத் திறந்து விட்டேன். அப்புறம் சீட்டைச் சாய்ச்சுக் கண் அசந்துட்டேன். சத்தம் கேட்டு முழிச்சா, இவங்க ரெண்டு பேரும் எங்கம்மா எங்கடான்னு சட்டையைப் பிடிக்கிறாங்க.”

“அப்ப இது?” இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த பிளாஸ்டிக் பையைத் தட்டினார். உள்ளே ஒரு ஜோடி பழைய தோல் செருப்பு. “பின் சீட்ல கால் வைக்கிற இடத்துல கிடந்துச்சு. கார் நிக்கிற இடத்துலேருந்து கோயில் வாசல் எவ்வளவு தூரம்னு உங்களுக்கே தெரியும். மத்தியான வெயில்ல கல்லு கொதிக்குது. அதுல வெறுங்காலோட எந்தக் கிழவி நடப்பா? கார்லேருந்து அவங்க இறங்கவே இல்ல. இவன்தான் எங்கயோ கொண்டுபோய் முடிச்சுட்டு வந்து, தூங்கினேன்னு கதை விடுறான்.”

சித்தி மருமகளைப் பார்த்தாள். “அந்தக் கோயிலுக்குக் கப்பல்காரங்களே பஸ் விடுவாங்களே. அதுல போகலையா?”

“அது ஆட்டு மந்தை மாதிரிங்க. ஓடு ஓடுன்னு விரட்டுவாங்க. எங்க அத்தை நிதானமா சாமி கும்பிடட்டும்னுதான் தனியா கார் பேசினோம்.”

“நல்ல மனசு,” என்றாள் சித்தி. “கப்பல் சாயங்காலம் கிளம்பிடுமே. நீங்க?”

“என்னங்க பண்றது?” மகன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தான். “என் மாமனார் மாமியார் கப்பல்ல இருக்காங்க. வயசானவங்க. அவங்களைத் தனியா விட்டுட்டு நான் எப்படி இங்க தங்குறது? புகார்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அம்மா கிடைச்சா தகவல் சொல்லச் சொல்லியிருக்கேன்.”

“கப்பல் போனதும் இவனை ஊருக்குள்ள இருக்கிற ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவேன்,” என்றார் இன்ஸ்பெக்டர். “புகார் குடுத்தவங்க நடுக்கடல்ல இருப்பாங்க, காணாமப் போனவங்க எங்கன்னே தெரியாது. இவன் வெளியே வர்றதுக்குள்ள அவன் கார் துருப்பிடிச்சிடும். அப்புறம் அங்க இருக்கிறவங்க என்னை மாதிரி வெறுங்கையால அடிக்க மாட்டாங்க.”

சித்தி பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்தாள். புரட்டினாள். மறுபடி உள்ளே வைத்தாள். “இதைக் கொஞ்ச நேரம் எடுத்துட்டுப் போறேன்.”

“எதுக்கு?”

“மோப்பம் பிடிக்க,” என்றான் வானொலி.

“நாய் எங்க?”

“நான்தான் சார்.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சித்தி செருப்போடு வெளியே வந்துவிட்டாள்.

டாக்ஸி ஸ்டாண்டில் டிரைவரின் கூட்டாளி ஒருவன் தன் கார் சாவியை நீட்டினான். வானொலி ஓட்டினான். மலைச் சாலை வளைந்து வளைந்து ஏறியது. பின்னால், கடலோரத்தில், கப்பல் ஒரு வெள்ளை அடுக்குமாடிக் கட்டடம் மாதிரி நின்றுகொண்டிருந்தது.

“கப்பல்காரன் பஸ்ஸுக்கும் தனிக் காருக்கும் என்னடா வித்தியாசம்?” என்றாள் சித்தி.

“பஸ்ல ஏசி வேலை செய்யும்.”

“தலை எண்ணுவான்டா. ஏறும்போது எண்ணுவான், கோயிலை விட்டுக் கிளம்பும்போது எண்ணுவான். ஒரு தலை குறைஞ்சா பஸ் நகராது. பஸ் வந்து சேராட்டி கப்பல் நகராது. தனிக் கார்ல போனவங்களுக்கு அந்தச் சலுகையெல்லாம் கிடையாது. வந்தா ஏறு, வராட்டி உன் பாடு. கப்பல் தன் பாட்டுக்குப் போயிடும்.”

“சரி.”

“நிதானமா சாமி கும்பிட மட்டும் இல்ல, ஒருத்தரைக் கழிச்சுவிடவும் தனிக் கார்தான் வசதி.”

வானொலி கியரை மாற்றினான். “பெத்த அம்மாவையா? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லாதீங்க சித்தி. முட்டி வலின்னு எவ்வளவு அக்கறையாச் சொன்னாரு.”

“செருப்பைத் திருப்பிப் பாரு.”

ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். இரண்டு செருப்பின் அடியிலும் சாக்பீஸால் ஒரே எண் எழுதியிருந்தது.

“கோயில் வாசல்ல செருப்பு விடுற இடத்துல போடுற நம்பர்,” என்றான். “அப்ப அந்தம்மா கார்லயே இருக்கல. கோயிலுக்குப் போயிருக்காங்க. இதை அங்கேயே இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே.”

“காட்டினா, போன வாரம் வேற கோயிலுக்குப் போனோம்பான். நம்பர் எப்படி இருக்கு பாரு.”

“பளிச்சுன்னு.”

“இந்த நம்பரோட இந்தச் செருப்பைப் போட்டு யாராவது பத்தடி நடந்திருந்தா அது இப்படி இருக்குமா? மருமக மேஜைக்கு அடியில கால் மேல கால் போட்டு ஆட்டிக்கிட்டிருந்தா, பார்த்தியா? அவ செருப்பு அடியில வெள்ளையா ஒரு தீற்றல்தான் இருந்துச்சு. நடந்து வந்ததுல தேஞ்சு போச்சு. இதுல யாரும் நடக்கல. ஸ்டாண்ட்ல திருப்பி வாங்கி, கையில தூக்கிட்டு வந்து கார்ல போட்டிருக்காங்க.”

வானொலிக்கு வாய் எழவில்லை. அவன் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல.

“அம்மாவைத் தேடுற பையனா இருந்தா, அம்மா செருப்பை எதுக்குடா திருப்பி வாங்கணும்? வெளியே வந்தா அவளுக்குச் செருப்பு வேணாமா?” சித்தி செருப்பைத் துணியில் சுற்றினாள். “சுங்கத்துல இருந்தப்ப நான் எவன் மூஞ்சியையும் பார்க்க மாட்டேன். செருப்படியைத்தான் பார்ப்பேன். மூஞ்சியில எவனும் எதையும் மறந்துபோய் வச்சுட்டு வர மாட்டான்.”

செருப்பு ஸ்டாண்டில் காதில் சாக்பீஸைச் செருகிய ஒரு பெண் மரத் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். சித்தி சுற்றி வளைக்கவில்லை. செருப்பைப் புரட்டிக் காட்டினாள்.

“ஆமா, நான் எழுதினதுதான்,” என்றாள் அவள். “மூணு ஜோடி, ஒரே டோக்கன். திரும்பி வந்தது ரெண்டு பேரு. பெரியம்மா எங்கன்னு கேட்டேன். பின்வாசல் வழியா வர்றாங்கன்னான் அந்த ஆளு. இங்க பின்வாசலே கிடையாது.”

“அப்பவே கேக்கலையா?”

“மகன் சொல்றான். நான் யாரு குறுக்க கேக்க?”

“இதை வந்து போலீஸ்கிட்ட சொல்றியா?”

அவள் காதிலிருந்த சாக்பீஸை எடுத்து டப்பாவில் போட்டாள். “போலீஸா? நான் எதையும் பார்க்கல. உன்கிட்ட எதையும் சொல்லவும் இல்ல.”

உள்ளே மண்டபத்துக்குள் மண்டபமாகப் போய்க்கொண்டே இருந்தது. கப்பல் பயணிகள் அண்ணாந்து கூரையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வழிகாட்டி குச்சியில் கொடியைத் தூக்கிப் பிடித்து, வாய்க்குள் முணுமுணுத்துத் தலைகளை எண்ணினான். எண்ணிக்கை சரியாக வந்ததும் கொடி நகர்ந்தது. கடைசி மண்டபத்தில் கூட்டம் இல்லை. வெளிச்சமும் இல்லை.

தூணுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு, வெளுத்த பருத்திப் புடவை, வெறும் கழுத்து. கண்கள் மூடியிருந்தன. கைகள் மடியில். முன்னால் தரையில் கொஞ்சம் சில்லறை சிதறிக் கிடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் போட்டது.

சித்தி பக்கத்தில் குந்தினாள். “அம்மா, தூங்குறீங்களா?”

“இல்ல.” கண் திறக்கவில்லை. “கப்பல் போயிடுச்சா?”

“இன்னும் இல்ல.”

அவள் கண்ணைத் திறந்தாள். முதலில் வானொலியின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

“கண்ணை மூடி நல்லா வேண்டிக்கோம்மா, நான் வந்து தோளைத் தொடுற வரைக்கும் திறக்கக் கூடாதுன்னான். சின்ன வயசுல அவனுக்கு நான் அப்படித்தான் சொல்வேன். மருமக வளையல் சத்தம் தள்ளித் தள்ளிப் போச்சு. அப்புறம் கேக்கல.”

“அப்பவே கண்ணைத் திறந்திருக்கலாமே?” என்றான் வானொலி.

“திறந்தா அவன் போறதைப் பார்க்கணும்.”

சித்தி பல்லைக் கடித்தாள். “செயின் எங்க?”

“கூட்டத்துல அறுத்துடுவாங்கன்னு மருமக வாங்கி வச்சுக்கிட்டா. கப்பல்ல ஏற ஒரு கார்டு குடுப்பாங்களே, அதையும்.” அவள் சில்லறையைப் பார்த்தாள். “இதெல்லாம் யார் யாரோ போட்டுட்டுப் போனாங்க. வேணாம்னு சொல்லலாம்னா கண்ணைத் திறக்கணும்.”

“எதுக்காக இப்படிப் பண்ணினான்?”

“சம்பந்தி ரெண்டு பேரும் எங்க வீட்டோட வந்துட்டாங்க. வீடு சின்னது. கப்பல்லயே எனக்கு மேல் பலகைதான். ஏணி வச்சு ஏறணும்.”

“முட்டி வலியோடவா?”

அவள் முகம் மாறியது. “முட்டி வலின்னு யார் சொன்னா?”

“உங்க பையன்தான்.”

“அவனுக்குத் தெரியுமா?” என்றாள். கேட்டுவிட்டு, வெட்கப்பட்டவள்போல் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. வானொலி தூணில் செதுக்கியிருந்த யானையை ரொம்பக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தான்.

வாசலில் கல் தரை இன்னும் கனன்றது. அவள் ஒரு காலை வைத்து எடுத்தாள். சித்தி துணியைப் பிரித்துச் செருப்பைக் காலடியில் வைத்தாள்.

“சித்தி, சாட்சி,” என்றான் வானொலி மெல்ல. “கார் வரைக்கும் நடந்தா நம்பர் போயிடும்.”

“கல்லு சுடுதுடா.”

“டிரைவரண்ணன்?”

“சாட்சி நடந்து வருதே, அது போதாதா?” என்றாள் சித்தி. சொன்னாளே தவிர, கார் வரும்வரை அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மலை இறங்கும்போது சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு காரில் கிடந்தது, டிரைவர் தூங்கிப்போனது, உதடு கிழிந்தது, இனி அவன் போகப்போகிற இடம். தாய் ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

“நடந்ததைச் சொல்லுங்கம்மா. வேற ஒண்ணும் வேணாம்.”

“சொன்னா?”

“டிரைவர் வீட்டுக்குப் போவான்.”

“என் பையன்?”

சித்தி செருப்பைச் சுற்றியிருந்த துணியை மடித்து மடியில் வைத்தாள்.

“அந்த டிரைவர் தம்பி இறங்கிச் சுத்தி வந்து எனக்குக் கதவைத் திறந்து விட்டுச்சு,” என்றாள் தாய். “அவங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள முன்னால போயிட்டாங்க. முட்டியைப் பிடிச்சுக்கிட்டு இறங்கினேன். மெதுவாம்மா, அவசரம் இல்லன்னுச்சு.”

துறைமுகத்துக்குள் கார் நுழையும்போது கப்பல் முதல் தடவை ஊதியது.

அறைக் கதவு திறந்ததும் மகன் எழுந்தான். ஒரு விநாடி அவன் முகத்தில் எதுவுமே இல்லை. அடுத்த விநாடி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டான்.

“எங்கம்மா போயிட்டே?” என்றவன், அவள் வாயைத் திறப்பதற்குள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். “சார், இதைச் சொல்லணும்னு நினைச்சேன். அம்மாவுக்குக் கொஞ்ச நாளா ஞாபக மறதி. ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்வாங்க. அவங்க சொல்றதை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. அந்த டிரைவரை நல்லா விசாரிங்க.”

கெட்டிக்காரன் என்று நினைத்தான் வானொலி. அவள் சொல்லப்போவதை, சொல்வதற்கு முன்பே குப்பையில் போட்டுவிட்டான். தொட்டிக்குக் கீழே டிரைவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

கப்பல் சிப்பந்தி ஒருவன் கதவில் தலையை நீட்டினான். “ஏறுறவங்க உடனே வாங்க. அவங்களும் வர்றாங்களா? கார்டு வேணும்.”

“கார்டு எங்கம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

தாய் தரையைப் பார்த்தாள். மருமகளுக்கு வேறு வழியில்லை. கைப்பையைத் திறந்து, உள்ளே கையை விட்டுக் கார்டின் நாடாவைப் பிடித்து இழுத்தாள். நாடாவோடு சிக்கிக்கொண்டு ரெட்டை வடச் செயினும் வந்தது.

இன்ஸ்பெக்டர் செயினைப் பார்த்தார். டிரைவரின் உதட்டைப் பார்த்தார். தன் வலது கையைப் பார்த்தார்.

“எல்லாரும் சும்மா இருங்க,” என்றார். “அம்மா, நீங்க சொல்லுங்க.”

“சார், அவங்களுக்கு ஞாபகம்...”

“எல்லாம் ஞாபகம் இருக்கு,” என்றாள் தாய். கார் நம்பரைச் சொன்னாள். பின் சீட்டில் விரித்திருந்த துண்டின் நிறத்தைச் சொன்னாள். மலை ஏறும்போது டிரைவர் எந்த வளைவில் வண்டியை நிறுத்திக் கடலைக் காட்டினான், அப்போது மருமகள் என்ன சொல்லிச் சலித்துக்கொண்டாள் என்பதைச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “இவ்வளவு தெளிவா இருக்கீங்க. அப்புறம் எப்படித் தொலைஞ்சு போனீங்க?”

மறதி என்று சொன்னால் டிரைவர் உள்ளே. மறதி இல்லை என்றால் மகன் உள்ளே. மூன்றாவதாக ஒரு பதில் வானொலிக்குத் தோன்றவில்லை.

“தொலையலைங்க,” என்றாள் அவள். “நானேதான் ஒளிஞ்சுக்கிட்டேன்.”

“என்னது?”

“இவங்களோட திரும்பிப் போகப் பிடிக்கல. வீம்பு. கார்டை வச்சுக்கன்னு காலையிலேயே மருமககிட்ட குடுத்துட்டேன், செயினை அவளுக்கே தெரியாம கழட்டி அவ பையில போட்டுட்டேன். இவங்க கோயிலுக்குப் போனதும் டிரைவர் தம்பி தூங்கிடுச்சு. செருப்பு போட்டா சத்தம் கேட்டு முழிச்சுக்கும்னு கழட்டிப் போட்டுட்டு இறங்கிப் போய், தூணுக்குப் பின்னால உட்கார்ந்துட்டேன். அந்தத் தம்பி மேலயும் தப்பில்ல. என் பையன் மேலயும் தப்பில்ல.”

எல்லாம் பொருந்தியது. காரில் கிடந்த செருப்பு, தூங்கிய டிரைவர், கைப்பையில் இருந்த செயின். ஒரு நூல் இடைவெளி இல்லை. மூன்று பேரும் இறங்கியதாக டிரைவர் சொன்னதை இன்ஸ்பெக்டர் முதலிலேயே நம்பவில்லை; அதை விட்டால் பொருந்தாதது ஒன்றுதான், செருப்படியில் இருந்த எண். அதைக் கோயில் வாசலிலிருந்து கார்வரை நடந்தே அழித்துவிட்டிருந்தாள். இந்தப் பொய்க்கு வேண்டிய விவரங்களையெல்லாம் மலை இறங்கும்போது அவள் கையில் எடுத்துக் கொடுத்தது சித்திதான்.

“கல்லு சுடலையா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சுட்டுச்சு. தாங்கிக்கிட்டேன்.”

சித்தி வாயைத் திறந்தாள். டிரைவர் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். வேண்டாம் சித்தி என்று அந்தக் கண்கள் கெஞ்சின. அவனுக்கு உண்மை வேண்டாம், வீட்டுக்குப் போனால் போதும். சித்தி வாயை மூடிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் புகார்த் தாளை இரண்டாகக் கிழித்தார். அவருக்கும் அது நிம்மதிதான். “வயசான காலத்துல இதென்னம்மா விளையாட்டு? உங்களால ஒரு அப்பாவி அடி வாங்கினான், தெரியுமா?”

“எத்தனை பேருக்குத் தொந்தரவு குடுத்துட்டே பார்த்தியா?” என்றான் மகன். குரல் நன்றாகத் தெளிந்துவிட்டிருந்தது. “எப்பவும் உன் வீம்புதான் உனக்கு.”

“டிரைவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க அத்தை,” என்றாள் மருமகள், செயினைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டே.

தாய் தொட்டியின் பக்கம் போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தாள். இரண்டு கையையும் கூப்பினாள். “மன்னிச்சுக்கோப்பா.”

டிரைவர் பதறி எழுந்ததில் தொட்டியின் விளிம்பில் தலை இடித்தது. வலித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கப்பல் படிக்கட்டின் அடிவரை சித்தி கூடவே போனாள். மகனும் மருமகளும் கார்டைக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் தாயின் முழங்கையைப் பிடித்தாள். “ஏறாதீங்கம்மா. என் வீட்ல இடம் இருக்கு.”

“எதுக்கு?” என்றாள் அவள். “நான் உனக்கு யாரு?”

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள். துறைமுகம் முழுவதற்கும் சித்தியாக இருந்தவள் பிடித்திருந்த முழங்கையை விட்டாள்.

மகன் இறங்கி வந்து தாயின் தோளில் கை போட்டான். இன்ஸ்பெக்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும்படி நன்றாக அணைத்துக்கொண்டான். வானொலி இரண்டடி தள்ளி நின்றதால் பேச்சு தெளிவாகவே கேட்டது.

“கோவிச்சுக்காதம்மா. நாளைக்கு நிக்கிற ஊர்லயும் ஒரு கோயில் இருக்காம். கார் சொல்லிட்டேன்.”

“இதை விடப் பெருசா?”

“ரொம்பப் பெருசும்மா.”

“சரிப்பா,” என்றாள் தாய், கைப்பிடிக் கயிற்றைப் பற்றி முதல் படியில் கால் வைத்தபடி.